நாலாம் சேனலும் நேவல் இன்டலிஜென்ஸும்

போன லீவில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர், பின்னால் போர்க்கப்பல், பி.ஜி.எம். காதைக் கிழிக்கிறது. பி.இ. முடித்த கையோடு கடற்படை உளவு அதிகாரி ஆகிவிடலாமாம். மூன்று மாத ஆன்லைன் வகுப்பு, ஆஃபர் இன்று இரவோடு முடிகிறதாம். நம்ம டிபார்ட்மென்ட் குரூப்பில் அதை நாலு பேர் ஃபார்வர்ட் செய்திருந்தார்கள். "மச்சி, கம்பெனில போய் பெஞ்ச்ல உக்கார்றதுக்கு இது எவ்ளோ கெத்து!" என்று ஒருத்தன் கீழே எழுதியிருந்தான்.

பொய் சொல்லவில்லை, நானும் கெத்துக்காகத்தான் முதலில் தேடிப் பார்த்தேன். தேடி, படித்து, அப்ளை செய்து, எஸ்.எஸ்.பி. வரைக்கும் போய்த் திரும்பி வந்தும் விட்டேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அந்த ஆஃபரை நம்பிக் காசு கட்டிவிடாதீர்கள். இந்தியக் கடற்படையில் "உளவு அதிகாரி" என்ற பெயரில் நீங்கள் நேரடியாக விண்ணப்பிக்கும் வேலையே கிடையாது.

கடற்படை உளவுக்கு என்று டெல்லியில் தனி இயக்ககம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதில் வேலை பார்ப்பவர்கள் முதலில் கடற்படை அதிகாரிகள். நம்மை மாதிரி பி.இ. பசங்களுக்கு ஷார்ட் சர்வீஸ் கமிஷன் ஒரு வழி. குறைந்தது 60 சதவீதம் வேண்டும். டிகிரி மார்க்கைப் பார்த்து எஸ்.எஸ்.பி.க்குக் கூப்பிடுவார்கள். யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வு இன்னொரு வழி. எந்த வழியில் போனாலும் போய்ச் சேரும் இடம் கேரளத்தில் கண்ணூர் பக்கத்தில் இருக்கும் எழிமலை, இந்தியக் கடற்படை அகாடமி. (சங்கப் பாட்டில் நன்னனின் ஏழில்மலை என்று தமிழ் மேம் நடத்தினாரே, அதே மலைதான்.) பயிற்சி முடித்து வெளியே வந்தால் சப் லெப்டினன்ட். அடிப்படைச் சம்பளம் 56,100, அதற்கு மேல் ராணுவப் பணிக்கான ஊதியம் 15,500. மற்ற படிகள் தனி.

அதற்கப்புறம் எக்ஸிக்யூட்டிவ் பிரிவு என்றால் கப்பலில் வாட்ச் பார்க்கக் கற்றுக்கொள்வீர்கள். இன்ஜினீயரிங் என்றால் லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜி. எலக்ட்ரிகல் என்றால் ஜாம்நகரில் ஐ.என்.எஸ். வால்சுரா. கடலும் கப்பலும் கொஞ்சம் கைக்கு வந்தபிறகுதான் உளவுப் பக்கம் போவது பற்றிய பேச்சே. அமெரிக்கக் கடற்படையில் இதற்கென்றே தனிப் பிரிவு உண்டு, 1830 என்று அதற்கு ஒரு எண்கூட வைத்திருக்கிறார்கள். நியூபோர்ட்டில் அதிகாரிப் பயிற்சி முடிந்த கையோடு புது அதிகாரியை வர்ஜீனியாவில் டேம் நெக் என்ற இடத்துக்கு உளவு படிக்க அனுப்பிவிடுவார்கள். அதற்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். ஆக அந்தக் கதவு நமக்கு இல்லை.

சரி, எப்படியோ உள்ளே போய்விட்டீர்கள். அங்கே என்ன வேலை? இதைத்தான் எந்த ரீலும் சொல்வதில்லை. பெரும்பாலும் படிப்பது, ஒப்பிடுவது, எழுதுவது. கடலே இல்லாத குருகிராமில் கடற்படைக்கு ஒரு தகவல் மையம் இருக்கிறது. 2008 நவம்பரில் கராச்சியிலிருந்து 10 பேர் கடல்வழியாகக் கிளம்பி, நடுக்கடலில் 'குபேர்' என்ற நம் மீன்பிடிப் படகைப் பிடித்து, அதிலேயே மும்பை அருகே வரைக்கும் வந்தார்களே, அந்த அடிக்குப் பிறகு கட்டியது. 2014-இல் திறந்தார்கள். கரையோர ரேடார்களிலிருந்தும் கப்பல்களின் ஏ.ஐ.எஸ். கருவிகளிலிருந்தும் வரும் தகவல் அங்கே ஒரே திரையில் சேர்கிறது. 2018-இல் இந்தியப் பெருங்கடலுக்கான இன்னொரு மையமும் அதே ஊரில் வந்தது. அதில் வெளிநாட்டுக் கடற்படை அதிகாரிகளும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏ.ஐ.எஸ். என்றால் என்ன என்று இ.சி.இ. நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கப்பல் தன் பெயர், அடையாள எண், இருக்கும் இடம், போகும் திசை, வேகம் எல்லாவற்றையும் வி.எச்.எஃப்.பில் தானாகவே கத்திக்கொண்டே போகும். சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு இது கட்டாயம். ஆனால் அது கத்துவதெல்லாம் உண்மை என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. போய்ச்சேரும் துறைமுகத்தை மாலுமிதான் கையால் டைப் செய்ய வேண்டும். போன பயணத்தில் போட்டதை மாற்றாமலே விட்டுவிடுவார்கள். அடையாள எண்ணைத் தப்பாகப் போடலாம். மொத்தமாக அணைத்தும் வைக்கலாம்.

இப்போது நீங்கள்தான் ஜூனியர் அதிகாரி, ராத்திரி ஷிஃப்ட். லட்சத்தீவுக்கு மேற்கே ஒரு கப்பலின் புள்ளி திரையிலிருந்து காணாமல் போகிறது. அறிக்கையில் என்ன எழுதுவீர்கள்? "ஏ.ஐ.எஸ். அணைக்கப்பட்டது" என்றா, "ஏ.ஐ.எஸ். சமிக்ஞை வரவில்லை" என்றா?

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. முதலாவது உங்கள் ஊகம், யாரோ வேண்டுமென்றே அணைத்தார்கள் என்று அர்த்தம். இரண்டாவதுதான் நீங்கள் பார்த்தது. கருவி பழுதாகியிருக்கலாம், நம் பக்கத்து ரிசீவர் விட்டுப் போயிருக்கலாம், கப்பலே மூழ்கியிருக்கலாம். முதல் வாக்கியத்தைப் படித்தவர் ரோந்துக் கப்பல் அனுப்புவார். இரண்டாவதைப் படித்தவர் முதலில் ரிசீவரைச் சரிபார்க்கச் சொல்வார், இல்லை ஆபத்தில் இருக்கிறார்களோ என்று தேடச் சொல்வார். ஒரே ஒரு வினைச்சொல், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த வித்தியாசத்தை நான் கற்றுக்கொண்டது கடற்படையில் இல்லை, நம்ம ஹீட் டிரான்ஸ்ஃபர் லேபில். அதுவும் லேட்டாக.

பின் ஃபின் எக்ஸ்பெரிமென்ட் ஞாபகம் இருக்கா? ஒரு பித்தளைக் கம்பி, ஒரு முனையில் ஹீட்டர், கம்பி நெடுக அஞ்சு தெர்மோகப்பிள். சேனலைத் திருப்பித் திருப்பி ரீடிங் எடுக்கணும். ஹீட்டரிலிருந்து தள்ளிப் போகப்போக வெப்பநிலை இறங்கும், கிராஃப் அழகாக வளைந்து இறங்கணும். எங்கள் செட்டில் நாலாவது சேனலைத் திருப்பினால் எப்பவும் 32 காட்டும். ஹீட்டர் போட்டாலும் 32, அணைத்தாலும் 32. நாங்கள் என்ன செய்தோம்? சீனியர் ரெக்கார்டைப் பார்த்து மூணாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவில் ஒரு நம்பரைப் போட்டோம். வளைவு வழவழவென்று வந்தது. பத்துக்குப் பத்து.

அடுத்த செமஸ்டரில் புது லேப் அசிஸ்டென்ட் ஒருத்தர் வந்து பின்பக்கத்தைக் கழற்றினார். நாலாவது வயர் இணைப்பே இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. "இது ரெண்டு வருஷமா செத்துக் கிடக்குப்பா" என்றார். ரெண்டு வருஷம்! அத்தனை பேட்சின் ரெக்கார்டிலும் அந்தச் செத்த சேனல் உயிரோடு, சரியான ரீடிங்கோடு இருக்கிறது. ஒரு ஆள்கூட "வேலை செய்யவில்லை" என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் ரெண்டு நாளில் சரிசெய்திருப்பார்கள்.

"லேப் ரெக்கார்டும் யுத்தமும் ஒண்ணாடா?" என்று ரூம்மேட் சிரிக்கிறான். அவனுக்காக 1916-க்குப் போவோம்.

முதல் உலகப் போர். லண்டனில் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்தில் 'அறை 40' என்று ஒரு அறை. ஜெர்மன் கடற்படையின் ரகசிய ரேடியோ செய்திகளை உடைத்துப் படிக்கும் கூட்டம் அங்கே உட்கார்ந்திருந்தது. பலர் பேராசிரியர்கள், மொழி படித்தவர்கள், யூனிஃபார்மில் இல்லாதவர்கள். சண்டைக்காரர்களுக்கு இவர்கள்மேல் பெரிய மரியாதை கிடையாது. மே 31 காலை, நடவடிக்கைப் பிரிவின் இயக்குநர் கேப்டன் தாமஸ் ஜாக்சன் அந்த அறைக்கு வந்தார். ஒரே ஒரு கேள்வி: "டி.கே. என்ற அழைப்புக் குறி இப்போது எங்கே இருக்கிறது?" ஜேட் துறைமுகப் பகுதியில் என்று பதில் சொன்னார்கள். நன்றி, கிளம்பிவிட்டார்.

டி.கே. என்பது ஜெர்மன் தளபதி ஷீரின் குறி. ஆனால் அது துறைமுகத்தில் இருக்கும்போது மட்டும். கடலுக்குக் கிளம்பினால் அந்தக் குறியைக் கரையிலேயே விட்டுவிட்டு வேறு குறியில் போவது ஷீரின் வழக்கம். அறை 40-இல் இருந்தவர்களுக்கு இது தெரியும். ஜாக்சனுக்குத் தெரியாது. அவர் "ஷீர் எங்கே?" என்று கேட்கவில்லை, "டி.கே. எங்கே?" என்று கேட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது.

விளைவு? எதிரியின் கொடிக்கப்பல் இன்னும் துறைமுகத்தில்தான் என்று பிரிட்டிஷ் தளபதி ஜெல்லிகோவுக்குச் செய்தி போனது. அவர் அவசரம் இல்லாமல் மெதுவாக வந்தார். அன்று பிற்பகலே ஜட்லாந்து அருகே முழு ஜெர்மன் படையும் எதிரே நிற்கிறது. அதைவிடக் கொடுமை ராத்திரி நடந்தது. ஜெர்மன் கப்பல்கள் டென்மார்க் கரையோரம் ஹார்ன்ஸ் ரீஃப் வழியாக வீட்டுக்கு ஓடப் பார்க்கின்றன என்று அறை 40 சரியாகக் கண்டுபிடித்தது. அவர்கள் போகும் திசை ஜெல்லிகோவுக்கு அனுப்பப்பட்டது, அவர் நம்பவில்லை. மத்தியானம் சொன்னது பொய்யாகப் போனபிறகு ராத்திரி சொல்வதை யார் நம்புவார்கள்? விடியும்போது ஜெர்மன்காரர்கள் தப்பிவிட்டார்கள். அந்த ஒரு நாள் சண்டையில் பிரிட்டிஷ் தரப்பில் 6,094 பேர், ஜெர்மன் தரப்பில் 2,551 பேர் செத்தார்கள்.

எனக்கு இதில் ஜாக்சனைவிட, பதில் சொன்ன அந்த ஆள்மேல்தான் வருத்தம். "சார், ஏன் கேட்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். பெரிய ஆள் கேட்கிறார், கேட்டதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வோம். இது நம் வைவா புத்தி இல்லாமல் வேறென்ன? எக்ஸ்டர்னல் தப்பாகக் கேட்டாலும் "எஸ் சார்" என்று தலையாட்டிவிட்டு வருகிறோமே.

நல்லபடியாக நடந்த கதையும் இருக்கிறது, நம் கரைக்குப் பக்கத்திலேயே. 1971. விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைக்குத் தளபதி வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன், நாகர்கோவிலில் பிறந்தவர். கையில் ஒரே ஒரு விமானந்தாங்கிக் கப்பல், ஐ.என்.எஸ். விக்ராந்த். அதன் பாய்லரில் விரிசல், முழு வேகத்தில் ஓட முடியாது. மெக் பசங்க கவனியுங்கள், ஒரு நாட்டின் போர்த் திட்டமே ஒரு பாய்லரைச் சுற்றி நின்றது. அதைத் தேடி பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி வரும் என்ற பயம் அவருக்கு. அவ்வளவு தூரம் வந்து வங்கக் கடலில் தங்கிச் சண்டை போடக்கூடியது அவர்களிடம் அது ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில் ஒரு பாகிஸ்தான் செய்தி நம்மிடம் சிக்கியது. சிட்டகாங் கடற்படை அலுவலகத்திடம் ஒரு குறிப்பிட்ட லூப்ரிகேஷன் ஆயிலைப் பற்றி விசாரிக்கிறார்கள். அவ்வளவுதான் செய்தி. நீர்மூழ்கி என்ற வார்த்தையே அதில் இல்லை. ஆனால் அந்த ஆயிலைப் பயன்படுத்துபவை நீர்மூழ்கிகளும் கண்ணிவாரிக் கப்பல்களும் மட்டுமே. காஸி வங்கக் கடலுக்கு வருகிறது என்று கிருஷ்ணன் முடிவுக்கு வந்தார். எந்த ஆயில் எந்த இன்ஜினுக்கு என்று தெரிந்த ஆள் கைக்கு அந்தக் காகிதம் போகாமல் இருந்திருந்தால், அது மளிகை லிஸ்ட் மாதிரி குப்பைக்குப் போயிருக்கும்.

அதற்கப்புறம் அவர் செய்தது செம கில்லாடித்தனம். விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்துவைத்தார். ஐ.என்.எஸ். ராஜ்புத் என்ற பழைய கப்பலைக் கிளப்பி, விக்ராந்த் மாதிரி ரேடியோவில் பேச வைத்தார். விசாகப்பட்டினச் சந்தையில் ஒரு பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவு கறியும் காய்கறியும் ஆர்டர் போனது. அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விக்ராந்த் மாலுமி ஒருவர் கேட்பதுபோல ரகசியக் குறியீடு இல்லாமல் ஒரு தந்தியும் போனது. டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி காஸி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. உள்ளே இருந்த 90-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. ராஜ்புத் போட்ட ஆழ்கடல் குண்டு என்று நம் தரப்பு சொல்கிறது, தன் கண்ணியிலேயே தானே சிக்கியது என்று பாகிஸ்தான் சொல்கிறது. யூடியூபில் பார்த்தால் இதில் சந்தேகமே இல்லாத மாதிரி பேசுவார்கள். நான் அந்த வாக்கியத்தை இரண்டு தரப்பாகவே விட்டுவைக்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. "தெரியாது" என்று எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதும் உளவு அதிகாரி வேலை இல்லை. 1942-இல் அமெரிக்கப் பசிபிக் கடற்படையின் உளவு அதிகாரி எட்வின் லேட்டனிடம் அட்மிரல் நிமிட்ஸ் விடவே இல்லை, ஜப்பான்காரன் எப்போது, எங்கே வருவான் என்று துல்லியமாகச் சொல் என்று உட்காரவைத்துக் கேட்டார். லேட்டன் சொன்னார்: ஜூன் 4 காலை 6 மணி, மிட்வே தீவிலிருந்து 325 டிகிரி திசை, 175 மைல் தூரம். அன்று காலை எதிரியைப் பார்த்தபோது அவர் சொன்னதில் பிழை அஞ்சு நிமிஷம், அஞ்சு டிகிரி, அஞ்சு மைல். தன் ஊகத்தை ஊகம் என்று சொல்லி, அதற்குத் தன் பெயரையும் கொடுத்தார். நம் நாலாவது சேனல் ரீடிங்கில் யார் பெயர் இருந்தது?

லேட்டன் எப்படி ஆரம்பித்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். 1929-இல் இரண்டு இளம் கடற்படை அதிகாரிகளை ஜப்பானிய மொழி படிக்க டோக்கியோவுக்கு அனுப்பினார்கள். ஒரே கப்பலில் போனார்கள். ஒருவர் லேட்டன், இன்னொருவர் ஜோசஃப் ரோஷ்ஃபோர்ட். மூன்று வருஷம் மொழிப் படிப்பு. மிட்வேக்குப் பதின்மூன்று வருஷம் முன்னால். இதுதான் அவர்கள் தொடங்கிய விதம். நாமோ டூயோலிங்கோவில் 12 நாள் ஸ்ட்ரீக் போனால் விட்டுவிடுகிறோம்.

அந்த ரோஷ்ஃபோர்ட்தான் ஹவாயில் ஒரு நிலவறையில் உட்கார்ந்து ஜப்பானியக் குறியீட்டை உடைத்த குழுவின் தலைவர். குழுவுக்கு ஆள் போதவில்லை என்று பேர்ல் ஹார்பரில் அடிவாங்கிய கலிஃபோர்னியா கப்பலின் பேண்டு வாத்தியக்காரர்களைக் கூட்டிவந்து பஞ்ச் கார்டு மெஷினில் உட்காரவைத்தார்கள். ஜெயித்தபிறகு அவருக்கு என்ன கிடைத்தது? வாஷிங்டன் ஆட்களோடு மோதல். சில மாதத்தில் அங்கிருந்து தூக்கினார்கள். கடைசியில் ஒரு மிதக்கும் உலர்துறைக்குப் பொறுப்பாளர். பதக்கம் கிடைத்தது 1985-இல், அவர் செத்துப் பல வருஷம் கழித்து. இந்த வேலையில் சேர ஆசைப்படுபவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். லிங்க்ட்இன்னில் போட முடியாது. அம்மாவிடம்கூட இன்று ஆபீஸில் என்ன நடந்தது என்று சொல்ல முடியாது. 2019 டிசம்பரில் விசாகப்பட்டினத்தில் கடற்படை ஆட்கள் சிலர் எதிரிக்குத் தகவல் கொடுத்ததாகக் கைதானபிறகு, தளங்களிலும் கப்பல்களிலும் ஸ்மார்ட்போனுக்கும் ஃபேஸ்புக்குக்கும் தடையே போட்டார்கள். சாப்பாட்டுக்கு முன்னாலும் ஸ்டோரி போடுகிற ஆள் நீங்கள் என்றால், கொஞ்சம் யோசியுங்கள்.

என் எஸ்.எஸ்.பி. கதையையும் சொல்லிவிடுகிறேன். அஞ்சு நாள். முதல் நாள் மங்கலான படத்தை 30 நொடி காட்டிக் கதை எழுதச் சொன்னார்கள், தப்பித்தேன். 15 நொடிக்கு ஒரு வார்த்தையாக 60 வார்த்தை, தப்பித்தேன். இன்டர்வியூவில் என் மினி புராஜெக்ட் பற்றிக் கேட்டார்கள். சோலார் ட்ரையர். எஃபிஷியன்சி எவ்வளவு என்றார். சொன்னேன். எப்படி அளந்தீர்கள் என்றார். அளந்ததே டீம்மேட், அதுவும் அளந்தானா என்பது எனக்குச் சந்தேகம். ஆனாலும் ஒரு முறையை அங்கேயே உண்டாக்கிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. இன்னும் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டுக்கும் நான் முதலில் கட்டியதன் மேலேயே மாடி கட்டினேன். மூன்றாவது கேள்வியில் மொத்தமும் சரிந்தது. கான்ஃபரன்ஸில் என் சட்டை எண்ணை வாசிக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது இங்கிலீஷ் போதவில்லை என்றுதான் வீட்டுக்கு போனில் சொன்னேன். அதுவும் ஒரு நாலாவது சேனல்தான்.

மறுபடி அப்ளை பண்ணுவேன். வயசு இருக்கிறது.

போன வாரம் ஹாஸ்டலுக்கு ஒரு ஜூனியர் வந்தான். நாளைக்கு ஹீட் டிரான்ஸ்ஃபர் ரெக்கார்டு சப்மிஷனாம், என் பழைய நோட்டு வேண்டுமாம். "அண்ணா, நாலாவது சேனல் மறுபடி போச்சுண்ணா. உங்க ரீடிங் மட்டும் சொல்லுங்க" என்றான். நோட்டை எடுத்தேன். பின் ஃபின் பக்கத்தைத் திறந்து, நாலாவது கட்டத்தில் இருந்த நம்பரை அடித்துவிட்டு, பக்கத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதி அவன் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரிண்ணா" என்றான். "வேற யார்ட்ட இருக்கும்?"